அமெரிக்காவின் தனிச்சிறப்பும் விதிவிலக்கும்

என்னிடம் வந்த கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. "நாங்கள் மற்ற நாடுகளைப் போல இல்லை" என்ற எண்ணம் அமெரிக்கர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. இப்போது உலக அமைப்புகளிலிருந்து அந்த நாடு ஒவ்வொன்றாக வெளியேறுகிறதே, அதன் காலம் முடிந்துவிட்டதா என்பது மற்றொன்று. முப்பது வருடம் கல்லூரியில் உலக வரலாறு நடத்தியவன் நான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் 'எக்ஸெப்ஷனல்' என்ற ஒரே சொல்லில் இரண்டு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தமிழில் அவை பிரிந்தே இருக்கின்றன: தனிச்சிறப்பு, விதிவிலக்கு. பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு இருப்பது தனிச்சிறப்பு. "இவன் மட்டும் சீருடை போடாமல் வரலாம்" என்று தலைமையாசிரியர் சொன்னால் அது விதிவிலக்கு. அமெரிக்காவின் நானூறு வருடக் கதையில் இந்த இரண்டும் கலந்தே வருகின்றன. எந்தக் காலத்தில் எது மேலே இருந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்வியில் பாதிக்கு மேல் தெளிவாகிவிடும்.

எல்லாரும் மேற்கோள் காட்டுவது 1630ஆம் ஆண்டை. இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறிய பியூரிட்டன் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூட்டத்தின் தலைவர் ஜான் வின்த்ரப், "நாம் மலைமேல் இருக்கும் நகரம் போல இருப்போம், எல்லார் கண்ணும் நம் மேல் இருக்கும்" என்று ஒரு சொற்பொழிவில் சொன்னார். பலர் இதைப் பெருமைப் பேச்சு என்று நினைக்கிறார்கள். முழுக்கப் படித்தால் இது ஓர் எச்சரிக்கை. கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் உலகமே நம்மைக் காட்டிப் பேசும் கதையாகிவிடுவோம் என்பதுதான் அடுத்த வரி. அந்தச் சொற்பொழிவு 1838 வரை அச்சில் வரவே இல்லை. அதாவது, நாட்டை நிறுவியவர்கள் இதை வைத்து நாட்டை நிறுவவில்லை. பிற்காலத் தலைவர்கள்தான் தேடி எடுத்துக்கொண்டார்கள். 1961இல் கென்னடி, பதவியேற்கவிருந்த அதிபராக, பயன்படுத்தினார். அப்புறம் ரீகன் அதற்கு முன்னால் 'ஒளிரும்' என்ற அடைமொழியைச் சேர்த்து, 1989 ஜனவரியில் தன் விடைபெறும் உரையை அதன்மேல் கட்டினார். எச்சரிக்கை பாராட்டுப் பத்திரமாக மாறியது இப்படித்தான்.

'அமெரிக்க எக்ஸெப்ஷனலிசம்' என்ற தொடர் பரவியது இன்னும் விசித்திரமான இடத்தில்: கம்யூனிஸ்டுகளுக்குள் நடந்த சண்டையில். மற்ற முதலாளித்துவ நாடுகளுக்குப் பொருந்தும் விதி இப்போதைக்கு அமெரிக்காவுக்குப் பொருந்தாது, அங்கே புரட்சி உடனே வராது என்று அமெரிக்கக் கம்யூனிஸ்ட் தலைவர் ஜே லவ்ஸ்டோன் தரப்பு வாதிட்டது. 1929இல் மாஸ்கோவில் ஸ்டாலின் அதைக் கண்டித்தார், லவ்ஸ்டோன் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். திட்டுவதற்குப் பயன்பட்ட சொல் பிறகு தேசபக்திச் சொல்லானது.

நாடு பிறந்த முதல் நூறு வருடங்களில் தனிச்சிறப்பு என்றால் ஒதுங்கி இருப்பது என்றே பொருள். 1796இல் முதல் அதிபர் வாஷிங்டன், வெளிநாடுகளோடு நிரந்தரக் கூட்டணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பதவியை விட்டுப் போனார். அமெரிக்கா அழிப்பதற்காக அரக்கர்களைத் தேடி வெளிநாடு போகாது என்று 1821இல் வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ் பேசினார். ஆனால் இது ஐரோப்பாவுக்கு மட்டும்தான். சொந்தக் கண்டத்தில் பூர்வகுடிகளை நிலத்திலிருந்து துரத்த 1830இல் சட்டம் போட்டார்கள். 1846 முதல் 1848 வரை நடந்த போருக்குப் பிறகு மெக்சிகோ தன் நிலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்தது. நாட்டுக்குள்ளே இருந்த முரணை 1852இல், அடிமையாகப் பிறந்து தப்பிவந்த கறுப்பினத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ் நேருக்கு நேர் கேட்டார்: ஓர் அடிமைக்கு உங்கள் ஜூலை நான்கு, உங்கள் விடுதலை நாள், என்ன பொருள் தருகிறது? இந்த நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களை அதன்மேலேயே திருப்பிப் பிடிக்கும் வழக்கத்துக்கு அவர் பெரிய முன்னோடி. பின்னால் வருகிற பலவற்றுக்கு அதுதான் அடிப்படை.

1898இல் ஸ்பெயினோடு போர். பிலிப்பைன்ஸ், பியூர்டோ ரிக்கோ, குவாம் கைக்கு வந்தன. பிலிப்பைன்ஸுக்கு விலை 2 கோடி டாலர். அங்கே விடுதலை கேட்டவர்களை எதிர்த்து மூன்று வருடம் போர் நடத்தினார்கள். காலனிக்கு எதிராகப் பிறந்த நாடு காலனி வைத்துக்கொண்டது. 1917இல் அதிபர் உட்ரோ வில்சன், உலகை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பான இடமாக்குவோம் என்று சொல்லி முதல் உலகப் போரில் இறங்கினார். அவரே யோசனை சொன்ன, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் சேர அவருடைய செனட்டே மறுத்துவிட்டது.

நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது 1944 முதல் 1949 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உலகத் தொழிற்சாலை உற்பத்தியில் பாதி அளவு அமெரிக்காவில் இருந்தது. அணுகுண்டு அவர்களிடம் மட்டும் இருந்தது. வரலாற்றில் இப்படி நின்ற எந்தப் பேரரசும் தோற்றவனிடம் கப்பம் வாங்கியிருக்கும். இவர்கள் என்ன செய்தார்கள்? 1944 ஜூலையில் தங்கள் நாட்டின் பிரெட்டன் உட்ஸ் என்ற ஊரில் 44 நாடுகளை உட்காரவைத்து, ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று தங்கள் நாணயத்தையே கட்டிப்போட்டார்கள். மேற்கு ஐரோப்பாவுக்கு மார்ஷல் திட்டத்தில் சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்தார்கள், நேற்றுவரை எதிரியாக இருந்த மேற்கு ஜெர்மனிக்கும் சேர்த்து. 1947இல் காட் என்ற வர்த்தக ஒப்பந்தம் வந்தது. ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் வரிச் சலுகையை உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. 1949இல் நேட்டோ ராணுவக் கூட்டணி. ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகும் என்ற அதன் ஐந்தாம் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான் செயலுக்கு வந்திருக்கிறது, அதுவும் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவுக்காக.

இதை வெறும் தர்மம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கச் சரக்குக்குச் சந்தை வேண்டும், சோவியத்தைத் தடுக்க வேண்டும் என்ற கணக்கு தெளிவாக இருந்தது. விதிவிலக்கையும் அப்போதே உள்ளே பதித்துக்கொண்டார்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையில் வீட்டோ. சர்வதேச நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும், அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அதாவது அவர்கள் இல்லாமல் எதுவும் நகராது. இருந்தாலும் பலமுள்ளவன் தன் கையைக் கொஞ்சமாவது கட்டிக்கொண்டதால்தான் மற்றவர்கள் அந்த ஏற்பாட்டுக்குள் நம்பி வந்தார்கள்.

தனிச்சிறப்பு என்று சொல்லிக்கொள்வது சொல்பவனையே கட்டிப்போடும் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1955 ஆகஸ்டில் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் ஜி.எல். மேத்தா டெக்சாஸில் ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் உட்கார்ந்தார். நிறத்தைப் பார்த்து, வெள்ளையர் அல்லாதவர்களுக்கான தனி அறைக்கு அவரைப் போகச் சொன்னார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது. வெளியுறவுச் செயலர் டல்லஸ் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 1961இல் மேரிலாந்தில் 40ஆம் எண் நெடுஞ்சாலை உணவகம் ஒன்று சாட் நாட்டுத் தூதருக்கு உணவு தர மறுத்தது. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குப் புதிய ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் அந்தச் சாலையில்தான் போனார்கள். 'சுதந்திர உலகத்தின் தலைமை' என்று பேசிய அரசுக்கு ஒவ்வொரு சம்பவமும் சவுக்கடி. 1952இலேயே, பள்ளிகளில் நிறப்பிரிவினை பற்றிய வழக்கில், இந்தப் பாகுபாடு வெளியுறவைக் கெடுக்கிறது என்று அமெரிக்க நீதித்துறையே உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தது. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது கறுப்பின மக்களின் சொந்தப் போராட்டம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உலகம் பார்க்கிறது என்ற கூச்சமும் அவர்களுக்கு ஒரு கருவியாக உதவியது. வின்த்ரப் சொன்ன 'எல்லார் கண்ணும்' உண்மையில் வேலை செய்த இடம் இது. அடுத்த வருடமே, 1965இல், நாட்டைப் பார்த்து ஒதுக்கீடு வைத்திருந்த குடியேற்றச் சட்டமும் மாறியது. இன்று நியூஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருப்பதற்கு வாசல் திறந்தது அந்தச் சட்டம்.

என் தலைமுறைக்கு அமெரிக்கா அறிமுகமானது பள்ளிச் சத்துணவில். கேர் அமைப்பு வழியாக வந்த பால் பவுடர், மூட்டைமேல் இரண்டு கைகள் குலுக்கும் படம். அதை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் அதே நாட்டிலிருந்து வந்த உதவிக் கோதுமைக்கு இரண்டு முகம் இருந்தது. 1965, 1966 வறட்சியின்போது பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வரும் தானியத்தைக் கப்பல் கப்பலாகத் தன் கையிலேயே வைத்திருந்து விடுவித்தார் அதிபர் ஜான்சன். வியட்நாம் போரை இந்தியா கண்டித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. விவசாயக் கொள்கையை இந்தியா மாற்ற வேண்டும் என்றும் நெருக்கினார். அந்த மாற்றத்தை நாமே செய்யலாம் என்று துணிந்தவர் அப்போதைய மத்திய உணவு, விவசாய அமைச்சர், நம் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாயச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனுடன் அவர் பேசி முடித்த ஒப்பந்தம், பசுமைப் புரட்சியின் தொடக்கங்களில் ஒன்று.

விதிவிலக்கின் பட்டியல் நீளமானது. ஈரானில் 1953இலும் குவாத்தமாலாவில் 1954இலும் தேர்தலில் வந்த ஆட்சிகளைக் கவிழ்த்தார்கள். வியட்நாம் போரின் நடுவே, 1967 ஏப்ரல் 4 அன்று, நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் இன்றைய உலகில் வன்முறையை மிக அதிகம் பரப்புவது என் சொந்த அரசு என்றார். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த கொலைகளை டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட்டும் சக அதிகாரிகளும் தந்தி அடித்துக் கண்டித்தார்கள். நிக்சன் அதைக் கேட்காமல், டிசம்பரில் இந்திய-பாகிஸ்தான் போரின்போது எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டையும் அவர் அறுத்துவிட்டிருந்தார். தன் அரசை எதிர்த்த ஆயுதக் குழுக்களுக்கு அமெரிக்கா உதவியது என்று நிகராகுவா தொடுத்த வழக்கில் 1986இல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதை நிறைவேற்றச் சொல்லும் தீர்மானத்தை அமெரிக்கா வீட்டோவால் தடுத்தது.

சோவியத் சரிந்த பிறகு கேட்பாரில்லை. 1998இல் வெளியுறவுச் செயலர் மேடலின் ஆல்பிரைட், "நாங்கள் தவிர்க்க முடியாத நாடு, நாங்கள் உயர்ந்து நிற்கிறோம், மற்ற நாடுகளைவிட எதிர்காலத்தை அதிக தூரம் பார்க்கிறோம்" என்று ஈராக்கைப் பற்றிய பேச்சில் சொன்னார். 2002இல் ஒரு சட்டமே போட்டார்கள்: ஹேக்கிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அமெரிக்கப் படைவீரரைப் பிடித்து வைத்தால், அவரை மீட்கத் தேவையான எந்த வழியையும் அதிபர் எடுக்கலாம்.

ஒரே மனிதரிடம், ஒரே இரவில், இரண்டு முகத்தையும் பார்க்க வேண்டுமானால் 2003 ஜனவரி 28 அன்று ஜார்ஜ் புஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையைப் படியுங்கள். ஆப்பிரிக்காவிலும் கரீபியனிலும் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் தருவோம் என்று அந்த உரையில் அறிவித்தார். பெப்ஃபார் என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டம் 2.5 கோடி உயிர்களைக் காத்தது என்பது அமெரிக்க அரசின் கணக்கு. அதே உரையில்தான் சதாம் உசேன் ஆப்பிரிக்காவிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றார் என்றும் சொன்னார். அந்த வரி உரையில் இருந்திருக்கக் கூடாது என்று ஜூலையில் வெள்ளை மாளிகையே ஒப்புக்கொண்டது. அதற்குள் போர் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பேரழிவு ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த உரையை வகுப்பில் படிக்கவைத்தபோதெல்லாம் மாணவர்கள் "இவர் நல்லவரா கெட்டவரா" என்று கேட்பார்கள். இரண்டு பகுதிகளும் ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தவை, உலகத்தைச் சரிசெய்யும் பொறுப்பு எங்களுக்கு இருக்கிறது என்ற நம்பிக்கையிலிருந்து. அதுதான் என்னை உலுக்கியது.

சரி, இப்போதைய நிலைக்கு வருவோம். அமெரிக்கா சரிந்துவிட்டது என்பவர்கள் எண்களைச் சரியாகப் பார்ப்பதில்லை. 1980களில் உலகப் பொருளாதாரத்தில் அதன் பங்கு நான்கில் ஒன்றுக்கு மேல். 2024இலும் ஏறக்குறைய அதே அளவுதான். 1990இல் 2 சதவீதம்கூட இல்லாத சீனா சுமார் 17 சதவீதத்துக்கு ஏறியது உண்மை. ஆனால் அந்த இடத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தவை ஜப்பானும் ஐரோப்பாவும். 1990களின் நடுவில் 17 சதவீதம் அளவுக்கு இருந்த ஜப்பான் இன்று 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. 2024இல் உலக ராணுவச் செலவில் 37 சதவீதம் அமெரிக்காவுடையது. மத்திய வங்கிகள் வைத்திருக்கும் அந்நியச் செலாவணியில் டாலரின் பங்கு 2000 வாக்கில் 70 சதவீதம் இருந்தது, 2024இல் 58 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. குறைவுதான், ஆனால் அடுத்த இடத்திலுள்ள யூரோ 20 சதவீதம்தான்.

1956இல் பிரிட்டன் எகிப்தின் சூயஸில் படை இறக்கியபோது, அமெரிக்க அதிபர் ஐசனோவர் பிரிட்டிஷ் நாணயமான பவுண்டின் கழுத்தைப் பிடித்தார். படை விலகும்வரை சர்வதேச நிதியத்தின் உதவி கிடையாது என்று நிறுத்திவைத்தார். சில வாரங்களில் பிரிட்டன் திரும்பிப் போனது, அதோடு தன் பேரரசுக் காலம் போய்விட்டதையும் புரிந்துகொண்டது. அமெரிக்காவை இப்படி நிறுத்தும் நிலையில் இன்று யாரும் இல்லை. அதன் கடன்கூட அதன் சொந்த நாணயத்தில்தான் இருக்கிறது. அதனால் "காலம் முடிந்துவிட்டதா" என்பதற்கு என் பதில்: பலம் முடியவில்லை. மாறியிருப்பது மனம்.

அந்த மனமாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை அலட்சியப்படுத்தக் கூடாது. சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000இல் 1.7 கோடியாக இருந்த அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகள் 2010இல் 1.2 கோடிக்கும் கீழே வந்தன. இயந்திரமயமும் ஒரு காரணம், ஆனால் ஒஹாயோவிலும் வடக்குக் கரோலினாவிலும் ஊர் ஊராக ஆலைகள் மூடப்பட்டதைப் பார்த்தவர்களிடம் அந்த விளக்கம் எடுபடவில்லை. நடுவில் 2008 நிதி நெருக்கடி. ஆப்கானிஸ்தானில் இருபது வருடம் போர் நடத்தி, 2021 ஆகஸ்டில் தாலிபானிடமே நாட்டை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். உலகத்தைக் காப்பாற்றியதில் எங்கள் ஊருக்கு என்ன கிடைத்தது என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி.

அரசியல் தலைவர்களும் இதை உணர்ந்தார்கள். 2009இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒபாமாவிடம் கேட்டபோது, அமெரிக்கத் தனிச்சிறப்பை நம்புகிறேன், பிரிட்டிஷ்காரர்கள் தங்களுடையதை நம்புவது போல, கிரேக்கர்கள் தங்களுடையதை நம்புவது போல என்று சொன்னார். ஊரில் பெரிய எதிர்ப்பு. 2014இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில், என் ஒவ்வொரு நரம்பாலும் நம்புகிறேன் என்று அழுத்திச் சொன்னார். டிரம்ப்போ 2015இல் எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை என்றார். பலர் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் எனக்கு அதுதான் திருப்பம் போலப் பட்டது. உலகத்துக்கு நாங்கள் ஏதோ கடமைப்பட்டவர்கள் என்ற பழைய பேச்சு அதோடு கைவிடப்பட்டது.

இதை ஒரு மனிதர்மேல் மட்டும் போடவும் முடியாது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்புக்கு நீதிபதி நியமனத்தைத் தடுப்பது ஒபாமா காலத்திலேயே தொடங்கியது. டிரம்ப் முழுக்க நிறுத்தினார், 2019 டிசம்பரிலிருந்து அது இயங்கவில்லை. பைடனும் திறந்துவிடவில்லை. ஆனால் 2025இல் நடந்தவை வேறு அளவில் இருந்தன. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்திலிருந்தும் உலக சுகாதார அமைப்பிலிருந்தும் விலகும் ஆணைகள் பதவியேற்ற முதல் நாளே வந்தன. கென்னடி 1961இல் தொடங்கிய யுஎஸ்எய்ட் என்ற வெளிநாட்டு உதவி நிறுவனம் ஜூலையில் தனி நிறுவனமாக இல்லாமல் போனது. பள்ளி மூட்டையில் நான் பார்த்த அந்தக் கைகுலுக்கும் படம் அதனுடையது. ஆப்பிரிக்கக் கிராமத்து மருத்துவமனைகளில் மருந்து நின்றுபோனதைப் படித்தபோது மனம் கனத்துப்போனது, மறைக்க ஒன்றுமில்லை.

வரியில் நடந்ததைத் திருப்பூர் அறியும். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்கு பலவற்றுக்கு 50 சதவீதக் கூடுதல் வரி நடைமுறைக்கு வந்தது. அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. அதே பின்னலாடை வியட்நாமிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ போனால் அப்போது 20 சதவீதம்தான். ஒரு நாட்டுக்குக் கொடுப்பதை எல்லாருக்கும் கொடு என்ற 1947 விதியை எழுதியதில் முதல் கை அமெரிக்காவுடையது. அந்த விதியிலிருந்து விதிவிலக்கு எடுத்துக்கொண்டதும் அதே நாடு. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண் தன் ஓவர்டைம் கூலியில் அந்த வித்தியாசத்தைப் பார்த்தார்.

முன்பு தனிச்சிறப்பும் விதிவிலக்கும் ஒரே மூட்டையில் வந்தன. பால் பவுடரும் வந்தது, எண்டர்பிரைஸ் கப்பலும் வந்தது. இன்று முதலாவதைச் சுமை என்று இறக்கிவைக்கிறார்கள், இரண்டாவதை வைத்துக்கொள்கிறார்கள். 'ஏகாதிபத்தியம் போகிறது, நல்லதுதானே' என்று மகிழ்பவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான். வீட்டோ போகவில்லை, தளங்கள் போகவில்லை, டாலர் தடைகள் போகவில்லை. போனவை எய்ட்ஸ் மாத்திரையும் வர்த்தக நீதிமன்றமும். ஹூஸ்டன் உணவகச் சம்பவத்துக்கு அன்று ஒரு டல்லஸ் மன்னிப்புக் கேட்டார் என்றால், உலகம் என்ன நினைக்கும் என்ற கவலை அன்று இருந்தது. அந்தக் கவலை இல்லாத வல்லரசிடம் சிறிய நாடுகள் எதைக் காட்டி நியாயம் கேட்கும்?

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா 2017 ஜனவரியில் வெளியேறிய பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தை, மீதி 11 நாடுகள் பெரும்பாலும் அதே விதிகளோடு 2018இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 2024 டிசம்பரில் பிரிட்டனும் சேர்ந்தது. முடங்கிய மேல்முறையீட்டுக்குப் பதிலாக ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பல நாடுகளும் 2020இல் தங்களுக்குள் ஒரு தற்காலிக நடுவர் ஏற்பாட்டைச் செய்துகொண்டன, அதில் சீனாவும் இருக்கிறது. அமெரிக்கா எழுதிய விதிகளை அமெரிக்கா இல்லாமலே நடத்திப் பார்க்கும் முயற்சி இது. எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். இந்த இரண்டு ஏற்பாட்டிலும் இந்தியா சேரவில்லை. அது ஏன், சேர்ந்திருக்க வேண்டுமா என்பது டெல்லியில் கேட்க வேண்டிய கேள்வி.